பழைய எஞ்சினுக்குப் புதிய உறுப்புகள்

ஓடித் தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்து, பழுதான உறுப்புகளை மாற்றி, மீண்டும் கோத்து ஓடச் செய்வது அரியதொரு தொழில். அதற்கு வேண்டிய உறுப்புகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டுக் கார் ஒன்றைக் கொள்கிறேன்.

நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் வகுத்திருந்த விதி. 1964-ஆம் ஆண்டு மாடலில், அதன் ஒரு பிரிவான பான்டியாக், வாங்குவோர் விரும்பினால் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தித் தருவதாகச் சொல்லி, ஜி.டி.ஓ. என்ற வண்டியை வெளியிட்டது. சிறிய உடலில் பெரிய எஞ்சின்! பிற கம்பெனிகளும் அவ்வழியில் இறங்கின. இத்தகைய வண்டிகளுக்கு 'மஸில் கார்', அதாவது தசைவலி மிக்க கார் என்ற பெயர் நிலைத்தது. செவர்லே கம்பெனியின் கமாரோவும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறார். 1969-ஆம் ஆண்டுக் கமாரோ ஒன்றை வாங்கி, தம் மகனோடு சேர்ந்து அதன் எஞ்சினைப் புதுப்பிக்க முற்பட்டார். நான் அங்கே சென்று தங்கியிருந்தபோது, வாங்கி வைத்திருந்த உறுப்புகளைக் காட்டி, "ஐயா, எல்லாம் உயர்ந்த ரகம்" என்றார். "எஞ்சினை அளந்து பார்த்தாயா?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

அந்த எஞ்சினின் கணக்கை முதலில் பார்ப்போம். சிலிண்டர்கள் எட்டு. ஒவ்வொன்றின் விட்டம் 4 அங்குலம்; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 3.48 அங்குலம். நீங்கள் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தின்படி பெருக்கினால், ஏறத்தாழ 350 கன அங்குலம் வரும். எஞ்சினுக்குப் '350' என்று பெயர் வந்தது இதனால்தான்.

நாளடைவில் சிலிண்டரின் உட்சுவர் தேய்கிறது. எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் வளையம் உராயும் மேற்பகுதியிலே தேய்மானம் மிகுதி. ஆகவே அதைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துகிறார்கள். வழக்கமாக முதல் தடவை கடைவது அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு. நம் நண்பரும் அந்த அளவுப் பிஸ்டன்களையே வாங்கியிருந்தார். பட்டறையில் அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஏற்கெனவே 30 பங்கு கடைந்துவிட்டார். அதன் மேலும் தேய்ந்திருந்தது. இனி 40 பங்குக்குக் கடைந்தாலன்றிச் சுவர் சீராகாது. வாங்கிய எட்டுப் பிஸ்டன்களும் வீணாயின.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது. இந்த வகைப் பிளாக்கைப் பொதுவாக 60 பங்குக்கு மேல் கடையத் துணிவதில்லை. சுவர் மெலிந்து வலுவிழக்கும். அன்றியும் அந்தப் பிளாக்கின்மீது காரின் தொடர் எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கிறது. காரும் எஞ்சினும் ஒருங்கே பிறந்தவை என்பதற்கு அதுவே சான்று. வேறு பிளாக் கிடைக்கும். அந்தச் சான்று கிடைக்காது. ஆகவே முதல் விதி: அளந்த பிறகே வாங்கு.

அடுத்து, பிஸ்டனின் வகை. அடித்து உருவாக்கிய அலுமினியப் பிஸ்டன் பந்தய எஞ்சினின் கொடுமையையும் தாங்கும். ஆனால் சூட்டில் அது மிகுதியாக விரிவதால், சுவருக்கும் அதற்கும் கூடுதல் இடைவெளி விட வேண்டும்; குளிர்ந்த நிலையில் ஓசை எழும். சிலிக்கான் மிகுந்த வார்ப்புப் பிஸ்டன் குறைவாக விரியும். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதுவே போதுமானது.

மூன்றாவதாக, அழுத்த விகிதம். பிஸ்டன் கீழே நிற்கும்போது அதன் மேலுள்ள இடத்தை, அது மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது இது. விகிதம் உயர்ந்தால் சக்தியும் உயரும். 1970-ஆம் ஆண்டின் எல்டி-1 எஞ்சினில் இது 11-க்கு 1 ஆக இருந்தது. அக்காலத்துப் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்ந்திருந்ததால் அது இயன்றது. ஈயம் இல்லையேல், அழுத்தத்தில் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டும் ஓசை எழுப்பும். பிஸ்டன் உடையவும் கூடும். ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்றவாறு 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் விகிதத்தைத் தாழ்த்தியது. 1996 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதே தடை செய்யப்பட்டது. ஆகவே இரும்புத் தலை கொண்ட பழைய எஞ்சினை இன்று புதுப்பிப்போர் 9 அல்லது 9.5-க்கு 1 என்ற அளவில் நிற்பது நல்லது. வால்வுகள் அமரும் இடத்தையும் ஈயமே காத்து வந்தது. இப்போது அங்கே கடினமான எஃகு வளையங்களைப் பதிக்கிறார்கள்.

நான்காவது, காம்ஷாஃப்ட். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. அதிக நேரம் திறந்து வைப்பது மிக வேகமான சுழற்சியில் நன்மை தரும். மெதுவான சுழற்சியில் இழுவை குறையும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடமும் குறைவதால், அதன் உதவியால் இயங்கும் பிரேக்கும் தளரும். கடைத்தெருவில் செல்லும் வண்டிக்குப் பந்தயக் காம்ஷாஃப்ட் ஆகாது. பழைய தட்டையான டாப்பெட் வகைக்கு எண்ணெயும் முக்கியம். புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைக் காப்பதற்காக, இன்றைய எண்ணெய்களில் துத்தநாக, பாஸ்பரஸ் சத்தைக் குறைத்துவிட்டார்கள். அச்சத்து மிகுந்த எண்ணெய் இல்லையேல், புதிய காம்ஷாஃப்ட் சிறிது நேரத்திலேயே தேய்ந்துபோகலாம்.

கடைசியாக, கார்புரேட்டர். நண்பர் வாங்கியிருந்தது நிமிஷத்துக்கு 750 கன அடிக் காற்றை விடக்கூடியது. ஒரு கணக்குப் போடுவோம் என்று பென்சிலை எடுத்தேன். 40 பங்கு கடைந்த பிறகு எஞ்சின் 357 கன அங்குலம். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சிலிண்டரும் நிரம்புகிறது. நிமிஷத்துக்கு 6000 சுற்று என்றால் 3000 தடவை. 357-ஐ 3000-ஆல் பெருக்கி, ஒரு கன அடியிலுள்ள 1728 கன அங்குலத்தால் வகுத்தால் சுமார் 620. சிலிண்டர் முழுதும் நிரம்புவதில்லை. நூற்றுக்கு 85 என்று கொண்டால் 527. ஆக, 600 கன அடிக் கார்புரேட்டர் தாராளமாகப் போதும். அளவுக்கு மீறிப் பெரிதானால் மெதுவான ஓட்டத்தில் காற்றின் வேகம் தளர்ந்து, பெட்ரோல் நன்கு கலவாது. "ஐயா, இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆயிற்றே!" என்று அவர் சிரித்தார். அவர் மகன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நேயர்களே, வண்டி எதற்கு என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். பிறகு கணக்கிட வேண்டும். வாங்குவது அதற்கும் பிறகே. தனித்தனியே உயர்ந்த உறுப்புகளைச் சேர்த்தால் உயர்ந்த எஞ்சின் ஆகிவிடாது. ஒன்றுக்கொன்று பொருந்திய உறுப்புகளே நல்ல எஞ்சினாகும். நண்பர் அப்படியே செய்தார். அந்தக் கமாரோ இப்போது தன் சொந்தப் பிளாக்குடனேயே ஓடுகிறது. அதன் சுவரில் இன்னும் 20 பங்கு எஞ்சியிருக்கிறது. அது அவருடைய மகனுக்கு.