அடைமழை நாளில் விதை பார்ப்போம்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் நாலைந்து நாள் வயல் பக்கம் போக முடியாது. டி.வி. முன்னால் உட்கார்ந்து பஜ்ஜி தின்றே பொழுதைக் கழிக்கலாம்தான். ஆனால் நவரைக்கு எடுத்து வைத்த விதைநெல் முளைக்குமா என்று பார்க்க இதுதான் தோதான சமயம்.

மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் ஒரு பிடி எடுத்துக் கலந்து, 100 நெல்லை எண்ணுங்கள். நல்ல நெல்லாகப் பொறுக்காதீங்க, அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற வேலை. ஈரத்துணியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பிச் சுருட்டி வையுங்கள். துணி காயக்கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. தினமும் விரித்து எண்ணுவதைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், செல்போனை மறந்துவிடுவார்கள். 14 நாள் வரை பார்க்கலாம். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததுதான் கணக்கு. சான்று பெற்ற நெல் விதைக்கே குறைந்தது 80 சதவீத முளைப்பு வேண்டும். அதற்குக் கீழே போனால் இப்போதே வேறு விதை தேடலாம். நாற்றங்கால் விட்ட பிறகு தெரிந்தால் பட்டம் கைவிட்டுப் போய்விடும்.

பயறு, உளுந்தையும் முறத்தில் போட்டுப் புடைத்து வையுங்கள். ஒரு மணி நேரம் புடைத்தால் தோளும் கையும் சொல்லும், வேறு உடற்பயிற்சி வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கோடையில் போட்ட மணத்தக்காளி வற்றல் இருக்கிறது, கொள்ளு ரசம் இருக்கிறது. மழையில் தோட்டத்துக் கீரை அழுகிவிடும் என்பதால், ஊறவைத்த வெந்தயத்தைத் திண்ணையில் ஒரு மண்தட்டில் தூவுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கிள்ளலாம். புடைத்ததில் வண்டு துளைத்தது கோழிக்கு. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும்.