பாம்பின் இரையளவு

உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என உணவு கொள்ளும் முறையை நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். சோறு உண்ணப்படும், முறுக்குத் தின்னப்படும், பால் பருகப்படும், தேன் நக்கப்படும். இந்நான்கனுள் எதனிலும் அடங்காத பிராணி ஒன்று உண்டு. அது பாம்பு. அது மெல்லுவதில்லை, கிழித்துத் துண்டாக்குவதுமில்லை, வாயிற் கொண்டதை முழுமையாக விழுங்குகின்றது. (நண்டைக் கிழித்துண்ணும் உப்பங்கழிப் பாம்பு ஒன்று உண்டு, அதனை இங்கு விடுக.) அளவு மிஞ்சினால் இலையில் மிச்சம் வைத்தெழுதல் மனிதர்க்கு இயலும். பாதி எலியை விழுங்கி மறுபாதியை நாளைக்கென வைத்தல் பாம்பிற்கு இயலாது. ஆதலின் அதன் இரை எத்துணைப் பெரிதாயிருத்தல் வேண்டும் என்பது அதற்கு உயிர்க்கேள்வியாகும்.

தமிழ் பயிலும் யாம் விலங்கியலார் வயலிற் புகுந்தது ஏன் என எம் விலங்கியல் நண்பர்கள் நகைத்தல் கூடும். காரணம் எம் குடும்பத்தினது. எம் சிற்றப்பாவின் மூத்த மகனார் அமெரிக்காவில் அலுவல் பார்ப்பவர். அவர் சென்ற ஆண்டு ஒரு பாம்பை விலைக்கு வாங்கி வளர்க்கத் தொடங்கினார். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்நாட்டிலோ பல்வகைப் பாம்புகள் கடையில் விற்கப்படுகின்றன. அண்ணன் வாங்கியதன் பெயரைத் தமிழாக்கினால் 'சோளப்பாம்பு' என்றாகும். அதன் வயிற்றிலுள்ள கட்டங்கள் மக்காச்சோளக் கதிரின் மணிகளைப் போன்றிருத்தலின் அப்பெயர் வந்ததென்பர். சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிதலின் வந்ததென்பாரும் உளர். விடமற்றது, சாதுவானது, வளர்ந்தால் நான்கைந்து அடி நீளும். எழுமலையிலுள்ள எம் அப்பத்தா இச்செய்தியைக் கேட்டதும், "சோளந் தின்கிற பாம்புங் கூட இருக்குதா ஐயா? அப்படியானால் இங்கிருந்தே ஒரு மூட்டை அனுப்பலாமே" என்றார்.

அது சோளந் தின்னும் பாம்பாயிருப்பின் தொல்லையே இல்லை. அறுபது கிராம் எடையுள்ள அவ்விளம்பாம்பிற்கு அண்ணன் இருபத்தைந்து கிராம் எடையுள்ள முழு வளர்ச்சி பெற்ற சுண்டெலியை இட்டார். பெரிதாய் இட்டால் விரைந்து வளரும் என்பது அவர் கருத்து. பாம்பு அதனை அரும்பாடுபட்டு விழுங்கிற்று. மூன்றாம் நாள் அழுகிய நிலையிற் கக்கிற்று. வயிறு காலியாயிற்றே எனப் பதறி, மறுநாளே மற்றோர் எலியை இட்டார், அதனையுங் கக்கிற்று. அதன்பின் தலை தூக்காது கிடந்தது. அப்போதுதான் கைப்பேசியில் எம்மை அழைத்தார். நாட்டுப்புறத்தில் வளர்ந்தவன் பாம்பைப் பற்றி யாவும் அறிந்திருப்பான் என்பது நகர வாழ்வினர் நம்பிக்கை. யாம் அறிந்ததெல்லாம் அதனைக் கண்டால் விலகி நிற்பதே. ஆகவே எம் கல்லூரி விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்திற் படித்தும் தெரிந்து கொண்டவற்றை இங்கு வரைகின்றோம்.

முதற்கண் வாயைக் கவனிப்போம். பாம்பு தன் தாடையைக் கழற்றிக்கொண்டு விழுங்குகின்றது எனப் பலர் கூறுவர். அது தவறு. எதுவும் கழல்வதில்லை. நம் கீழ்த்தாடை மோவாயில் ஒன்றாய் இணைந்த ஒரே எலும்பு. பாம்பின் கீழ்த்தாடை இடம் வலமென இரண்டு எலும்புகளாக உள்ளது. அவ்விரண்டையும் மோவாயில் ரப்பர் போல் நெகிழும் தசைநாரே பிணைக்கின்றது. தாடையின் பின்முனையோ மண்டையோட்டில் நேரே பொருந்தாமல், இடையே அசையும் ஓர் எலும்பினால் தொங்குகின்றது. ஆகவே வாய் மேல்கீழாகத் திறப்பதோடு பக்கவாட்டிலும் விரிகின்றது. பர்மிய மலைப்பாம்புகளை அளந்தாய்ந்தோர் 2022இல் வெளியிட்ட முடிபு வியப்பிற்குரியது: அப்பாம்பின் வாய் விரிவில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு, இருபுறக் கீழ்த்தாடைகளுக்கும் இடையேயுள்ள தோல் நீளுவதால் மட்டும் உண்டாகின்றதாம். எலும்பு கொடாததைத் தோல் கொடுக்கின்றது.

விழுங்கும் செயல் ஒரு நடை போன்றது. பற்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். வலப்புறப் பற்கள் இரையைப் பற்றியிருக்க இடப்புறத் தாடை முன்னேறும். அது பற்றியதும் வலப்புறம் முன்னேறும். இவ்வாறு மாறி மாறி நகர்தலால், பாம்பு இரையை இழுக்கின்றது என்பதினும் இரையின்மேல் ஊர்ந்து செல்கின்றது என்பதே பொருந்தும். பெரும்பாலும் தலையிலிருந்து தொடங்கும்; மயிரும் கால்களும் அப்போது தடையின்றிப் பின்னோக்கி மடியும். வாய் முழுதும் இரை அடைத்திருக்கையில் மூச்சு விடுவது யாங்ஙனம்? மூச்சுக்குழலின் வாயை ஒரு குழாய் போல் முன்னே நீட்டி, இரைக்குக் கீழாக வெளியே வைத்துக் கொள்ளும். நமக்குள்ளது போன்ற மார்பெலும்பு அதற்கில்லை. விலாவெலும்புகளின் நுனி தளையின்றி இருத்தலின் உடலும் விரிந்து இடங் கொடுக்கும்.

வாய் இத்துணை விரியுமாயின் எதனையும் விழுங்கலாமே எனத் தோன்றும். இங்குதான் அண்ணனைப் போன்றோர் பிழை செய்வது. வாய் கொள்வது வேறு, வயிறு செரிப்பது வேறு. பாம்பு வளர்ப்போர் கையாளும் பொதுவிதி இரண்டு. இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் பருமனுக்கு ஒத்ததாகவோ அதனிற் சற்றே மிக்கதாகவோ இருத்தல் வேண்டும். ஒன்றரை மடங்கை ஒருபோதும் தாண்டலாகாது. எடை பார்ப்பின், இளம்பாம்பிற்கு அதன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு. வளர்ந்ததற்குப் பத்துக்கும் குறைவு. அண்ணனின் பாம்பிற்கு உரியது ஆறு முதல் ஒன்பது கிராம், அதாவது மயிர் முளைத்த சிறு எலிக்குஞ்சு. அவர் இட்டதோ நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்.

தலையின் அகலத்தைக் கொண்டு அளவு பார்ப்பாரும் உளர். அது பயன்படாது, தலை சிறிதாயினும் வாய் விரியுமென்பதை மேலே கண்டோம். நீளத்தைக் கொண்டு பார்ப்பது இன்னும் மோசம். நீண்டு மெலிந்த இரையை வயிற்றில் மடித்து வைத்துக்கொள்ளப் பாம்பு வல்லது. பாம்பு தின்னும் பாம்புகள் சில தம்மினும் நீண்ட பாம்பையும் விழுங்கியதுண்டு. எலியின் செய்தி அவ்வாறன்று. நீளம் இருமடங்கானால் அகலமும் உயரமும் இருமடங்காகும். ஆகவே எடை எட்டு மடங்காகும். இரண்டு எலிகளை அருகே வைத்து நோக்கும் கண்ணிற்கு இந்த எட்டுத் தெரிவதில்லை, இரண்டே தெரிகின்றது. கடைத்தராசு ஒன்று இருப்பின் இத்தொல்லை தீரும்.

செரிமானமும் அளவோடு பிணைந்தது. மெல்லாமல் விழுங்கிய இரையை வயிற்றின் அமிலம் புறத்தேயிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்கின்றது. இரை பெரிதாயின், அமிலம் நடுவிடம் சேருமுன்னர் அங்கே அழுகல் தொடங்கிவிடும். செரித்தலுக்கும் அழுகலுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் என்றே இதனைச் சொல்லலாம். ஒரே எடையுள்ள ஒரு பேரெலியினும் இரு சிற்றெலிகள் விரைவிற் செரிப்பது இதனாலேயே. இப்பந்தயத்தில் பாம்பிற்குத் துணை வெப்பம். தன்னுடலிற் சூடு உண்டாக்கிக் கொள்ளாத பிராணியாதலின், ஏறத்தாழ 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள இடம் அதற்கு வேண்டும். குளிர்ந்த அறையில் தக்க அளவுள்ள இரையும் பேரிரையாய் முடியும்.

இரை விழுங்கிய மலைப்பாம்பு போல் என்று சோம்பேறிகளை நம்மவர் பழிப்பர். உண்மையில் அப்போது அது மிகக் கடுமையாக உழைத்துக் கொண்டிருக்கின்றது. பர்மிய மலைப்பாம்பு பேரிரை ஒன்றை விழுங்கிய இரண்டு நாட்களுக்குள் அதன் இதயம் நூற்றுக்கு நாற்பது பங்கு பருப்பதாக 2005இல் அறிஞர் வெளியிட்டனர். குடலும் ஏறத்தாழ இருமடங்கு எடை கூடும். செரித்து முடிந்தபின் யாவும் பழைய அளவிற்குச் சுருங்கும். ஒவ்வொரு விருந்திற்கும் ஓர் அடுக்களையைப் புதிதாய்க் கட்டி, விருந்து முடிந்ததும் பிரிப்பது போன்றது இது. இவ்வேலையினிடையே அதனைத் தூக்கி விளையாடினால் கக்கிவிடும். கக்கும்போது அமிலம் தொண்டைக் குழலைப் புண்ணாக்கும். நீரும் வலுவும் ஒருங்கே போகும். அதன்மேல் உடனே மற்றோர் இரையை இடுதல் புண்ணில் கோல் பாய்ச்சுவதாகும். பத்துப் பதினைந்து நாள் நீர் மட்டும் வைத்து, பின்னர் வழக்கத்திற் பாதியளவு இரை தருக என்பது அறிந்தோர் விதி. இதனை யாம் அண்ணனுக்குச் சொல்லிக் கொண்டிருக்கையில் அப்பத்தா இடைமறித்து, "பிள்ளைக்கு வயிறு கெட்டால் பட்டினி போடத் தெரியாதா? லங்கனம் பரம ஔஷதம்" என்றார். முன்னுண்டது செரித்தபின்னரே உண்க எனத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மனிதர்க்கு அறிவுறுத்தியதும் இதுவே. அண்ணனின் பாம்பு பதினான்கு நாட் பட்டினிக்குப் பின் எலிக்குஞ்சு ஒன்றை ஏற்றுக்கொண்டது. இப்போது வாரத்திற்கு ஒன்று பெறுகின்றது. உறைய வைத்த எலியை வெந்நீர்க் கிண்ணத்தில் இளகச் செய்து கொடுக்கின்றார். உயிரெலியை இட்டால் அது பாம்பைக் கடித்துப் புண்ணாக்குதலும் உண்டு.

அளவு பிழைத்தல் கூண்டுப் பாம்பிற்கே உரியதன்று. 2005இல் அமெரிக்கப் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலத்தில், பதின்மூன்றடி மலைப்பாம்பு ஒன்றும் ஆறடி முதலை ஒன்றும் இறந்து கிடந்தன. முதலையின் வாலும் பின்னங்கால்களும் பாம்பின் பிளந்த வயிற்றிலிருந்து நீட்டிக் கொண்டிருந்தன. வயிறு எவ்வாறு பிளந்தது என்பதில் அறிஞர் கருத்து வேறுபட்டனர். அம்மலைப்பாம்பினம் அந்நாட்டிற்கு உரியதே அன்று. செல்லமாய் வளர்க்கப்பட்டு, இரையிட்டு இரையிட்டு வீட்டிற் கொள்ளாத அளவு பெருத்தபின் விடப்பட்டனவும் தப்பினவும் அங்கே பெருகிவிட்டன. ரக்கூன், ஒப்போசம் என்னும் விலங்குகள் தென்பகுதியிற் கண்ணிற்படுவது நூற்றுக்கு 99 பங்கு குறைந்ததென 2012இல் ஓர் ஆய்வு கூறிற்று. அப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டவர் யாவர்? நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். பாம்புத்தோல் வாணிகம் சட்டத்தால் நின்றபின், பாம்பைக் கொல்லாமல் விடமெடுத்து விடுவிக்கும் தொழிலுக்கென 1978இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தைச் சார்ந்தவர்கள் இவர்கள். இருவருக்கும் 2023இல் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. பள்ளிப்படிப்பில் வராத கல்வியை அமெரிக்கர் நாடி வந்தனர் என்பதை எண்ணி யாம் உள்ளூர மகிழ்ந்ததுண்டு.

இனி எம்மூர். எழுமலையின் புஞ்சைக் காடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஒவ்வொரு பாம்பும் தன்னளவிற்கேற்ற இரையைத் தானே தேர்ந்து கொள்கின்றது. மண்புழு போன்ற குருட்டுப்பாம்பிற்கு எறும்பின் முட்டையும் கறையானும் போதும். பச்சைப்பாம்பு மெலிந்ததாதலின் ஓணான், பல்லியோடு அமைகின்றது. தண்ணீர்ப்பாம்பிற்குத் தவளையும் மீனும். கட்டுவிரியன் பெரும்பாலும் பிற பாம்புகளையே தேடும்; ஒடுங்கிய உடலிற்கு ஒடுங்கிய இரை. நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் சாரையும் எலிக்கு வருவன. சாரை மாட்டின் மடியில் பால் குடிக்கும் என எம்மூரார் பலர் இன்றுஞ் சொல்வர். உள்வளைந்த அப்பற்கள் மடியிற் பட்டால் மாடு சும்மா நிற்குமா என்று யாம் கேட்டோம், விடை வரவில்லை. பால் பாம்பின் இரையே அன்று. நாவறண்ட பாம்பு பாலைக் குடிப்பின் அது வேறு நீர் கிடையாமையால்.

சென்ற சித்திரையில் எம் கிணற்றடியில், வைக்கோற்போரின் அருகே, ஒரு சாரை நடுவயிறு புடைத்துக் கிடந்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் அன்றோ? அண்டை வயலார் இருவர் கம்புடன் ஓடி வந்தனர். சாரைதான், விடமில்லை, எலி பிடிக்க வந்தது என்று யாம் கூவியது அவர்கள் செவியில் ஏறவில்லை. புடைத்த வயிற்றோடு அதனால் விரைந்தோட முடியவில்லை. முதல் அடி மண்ணில் விழுந்தது. உடனே அது உடலை நெளித்து, விழுங்கியிருந்த வயலெலியைக் கக்கிவிட்டு, வேலிக்குள் பாய்ந்து மறைந்தது. அவர்கள் சென்றபின் யாம் எலியின் அருகே அமர்ந்து ஒரு குச்சியால் அளந்தோம். வாலொழிய ஒரு சாண் நீளம். பருமன் ஏறத்தாழ அச்சாரையின் உடற்பருமனே. அளவு சரியாகத்தான் இருந்தது. மாலைக்குள் அதனைக் காகம் கொண்டு போயிற்று.