இராமேஸ்வரம் நகராட்சி: புவியியல், காலநிலை, மக்கள்தொகை

இராமேஸ்வரம், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவின் மீது அமைந்துள்ள நகராட்சி ஆகும். இராமநாதசுவாமி கோயிலால் இந்தியா முழுவதும் அறியப்பட்ட இவ்வூர், மாவட்டத் தலைநகரான இராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. 1994ஆம் ஆண்டு முதல் நகராட்சியாக இயங்கி வருகிறது. இதன் பரப்பளவு சுமார் 53 சதுர கி.மீ. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 44,856 பேர் வாழ்ந்தனர்.

கடல் சூழ்ந்த தீவில் அமைந்த நகராட்சி என்பதால், இவ்வூரின் நிலம், மழை, மக்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே புரிந்துகொள்ள இயலாது. தீவில் ஆறு கிடையாது. மணலில் தேங்கும் மழைநீரே இங்கு இயற்கையாகக் கிடைக்கும் நன்னீர். இங்கு எத்தனை பேர் வாழலாம், எத்தனை பேர் வந்து போகலாம் என்பதை அந்த நீரும், நிலப்பகுதியுடன் இணைக்கும் பாலங்களுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

அமைவிடம்

பாம்பன் தீவு மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும் இடையில் உள்ளது. வடக்கில் பாக் விரிகுடாவும் தெற்கில் மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. தீவின் மேற்கு முனையில் பாம்பன் ஊரும், அதை அடுத்து தங்கச்சிமடமும், பின்னர் இராமேஸ்வரமும் அமைந்துள்ளன. பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அவை நகராட்சி எல்லைக்குள் வருவதில்லை. இராமேஸ்வரத்துக்குத் தென்கிழக்கே தீவு குறுகி, நீண்ட மணல் நாக்காக மாறி, தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உள்ளது. இவ்விரு முனைகளுக்கும் இடையில் இராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகள் வரிசையாக அமைந்துள்ளன.

தனுஷ்கோடிப் பகுதி மீனவர்கள் வடபுறக் கடலைப் பெண்கடல் என்றும், தென்புறக் கடலை ஆண்கடல் என்றும் அழைப்பர். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் உடையது. ஆண்டின் பல மாதங்களில் அலை குறைவாக இருக்கும். மன்னார் வளைகுடா ஆழமானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கு அலைகள் வலுவாக அடிக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது நிலைமை மாறி, வாடைக்காற்றால் வடபுறக் கடல் கொந்தளிக்கும்.

நில அமைப்பு

தீவின் அடித்தளம் பவளப்பாறையும் மணலும் ஆகும். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய நிலையைவிடச் சற்று உயர்ந்திருந்தபோது வளர்ந்த பவளத் திட்டுகள், கடல் பின்வாங்கிய பிறகு நிலமாகின. அவற்றின் மீதும் பக்கங்களிலும் அலையும் காற்றும் மணலைக் குவித்தன. தனுஷ்கோடி நீட்சி இவ்வாறு இருபுற அலைகளும் சேர்த்த மணலால் உருவானது. எனவே அதன் கரைக்கோடு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயத்தின் இடிந்த சுவர்களில், பவளக்கற்களால் கட்டும் பழைய முறையைக் காணலாம். இந்தியாவில் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதால் இன்று அவற்றை வெட்டி எடுப்பது குற்றமாகும்.

நகரின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 10 மீட்டர். கோயிலுக்கு வடக்கே உள்ள கந்தமாதன பர்வதம் என்னும் மணல்மேடே தீவின் உயரமான இடம். தனுஷ்கோடிப் பகுதியின் உயரம் இதைவிட மிகக் குறைவு.

வெண்மணல் நிலத்தில் நெல் போன்ற பயிர்கள் விளைவதில்லை. பனையும் தென்னையும் மிகுதி. சவுக்கும் உடைமரமும் பரவலாகக் காணப்படுகின்றன. ஆனால் நீர் தேங்காத இதே மணல், பதியன்கள் வேர்விட ஏற்றது. அருகிலுள்ள தங்கச்சிமடம் மல்லிகை நாற்று உற்பத்திக்குப் பெயர்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலநிலை

இராமேஸ்வரம் வெப்பமண்டல வறண்ட காலநிலை கொண்டது. கடல் மிக அருகில் இருப்பதால் வெப்பநிலை பெரிதாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தொடுவது அரிது. இரவில் 20 டிகிரிக்குக் கீழே செல்வதும் அரிது. ஒப்பீட்டுக்கு, சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003ஆம் ஆண்டு மே மாதம் 45 டிகிரி பதிவாகியுள்ளது. கோடையில் பிற்பகல் கடற்காற்று சென்னைக்குத் தாமதமாக வரும் நாட்களில் அங்கு வெப்பம் கடுமையாகிறது; கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஆவடி, பூந்தமல்லி போன்ற இடங்களுக்கு அக்காற்று இன்னும் பின்னரே சென்று சேரும். எத்திசையிலிருந்து வீசினாலும் கடலைக் கடந்தே காற்று வர வேண்டிய தீவில் இந்நிலை இல்லை.

ஆண்டு மழைப்பொழிவு சுமார் 900 மி.மீ. தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், சூன் முதல் செப்டம்பர் வரை இங்கு மழை மிகக் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருகிறது. அதாவது மூன்று மாதங்களில் பெய்யும் நீரை வைத்து மற்ற ஒன்பது மாதங்களைக் கடக்க வேண்டும்.

அந்த மழையும் சீராகப் பெய்வதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று மேகவெடிப்பு போன்ற கனமழையால் இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி அது. தாழ்வான குடியிருப்புகளில் தண்ணீர் சூழ்ந்தது. இவ்வாறு ஒரே நாளில் கொட்டும் மழையில் கணிசமான பகுதி நிலத்தில் இறங்காமல் கடலுக்கே சென்றுவிடும்.

தீவின் நன்னீர்

மணல் தீவில் கிணறு தோண்டினால் ஏன் நன்னீர் கிடைக்கிறது என்பது மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி. மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிடக் குறைவு. எனவே அது கடல்நீருடன் எளிதில் கலந்துவிடாமல், அதன்மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கிறது. நீரியல் கோட்பாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். 10 செ.மீ. உயர்ந்து நின்றால் 4 மீட்டர் ஆழம் வரை இருக்கும்.

இக்கணக்கின் மறுபக்கம்தான் முக்கியமானது. அளவுக்கு மீறி நீர் இறைத்து மேல்மட்டம் 10 செ.மீ. குறைந்தால், கீழிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலே ஏறும். ஒருமுறை உப்பேறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மழைக்காலங்கள் தேவைப்படலாம். ஆகவே தீவில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்குவது தீர்வாகாது. ஆழம் கூடினால் உப்பே கிடைக்கும். தனுஷ்கோடி மக்கள் மணலில் ஆழமில்லாத ஊற்றுகளைத் தோண்டி, ஊறும் நீரைச் சிறுகச் சிறுக முகந்து எடுப்பது இந்த இயல்புக்கு ஏற்ற முறை. கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களும் பெரும்பாலும் கிணறுகளே. கடலுக்கு இவ்வளவு அருகில் அவை நன்னீர் தருவதற்கும் இதே காரணம்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி என மழைநீரைத் தரைமேல் தேக்கும் இடங்கள் உள்ளன. இராமேஸ்வரத்தில் அந்த வேலையை மணல் செய்கிறது. மணலை அள்ளினாலோ, நிலத்தைச் சிமெண்டால் மூடினாலோ, கழிவுநீரை அதற்குள் விட்டாலோ, குடிநீர்த் தொட்டியையே கெடுப்பதற்கு ஒப்பாகும். நிலத்தடி நீரின் சுமையைக் குறைக்க, காவிரி நீரை இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் குழாய்வழி கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உதவுகிறது.

1964 புயல்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல், தீவின் வரலாற்றை மாற்றியது. அதுவரை தனுஷ்கோடி தொடருந்து நிலையம், துறைமுகம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் ஆகியவற்றுடன் இயங்கிய ஊர். சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் தொடருந்தில் வரும் பயணிகள் இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கொழும்புக்குத் தொடருந்தில் பயணம் செய்தனர்.

கடல் ஆழமற்றதாக இருக்கும் இடங்களில் புயல்காற்று தள்ளிவரும் நீர் கீழே பரவ இடமின்றி மேலே எழும்பும். அன்று சுமார் 7 மீட்டர் வரை எழுந்த அலைகள் தாழ்வான மணல்திட்டைக் கடந்து சென்றன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் தொடருந்து கடலில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தியாவிலும் இலங்கையிலுமாக இப்புயலில் இறந்தோர் சுமார் 1,800 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. பின்னர் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசால் அறிவிக்கப்பட்டது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் சில குடிசைகள் அமைத்து அங்குத் தொடர்ந்து வாழ்கின்றன. 2017ஆம் ஆண்டு சூலை மாதம் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பின் சுற்றுலாப் பயணிகள் பெருகினர்.

மக்கள்தொகை

2001ஆம் ஆண்டில் சுமார் 38 ஆயிரமாக இருந்த நகராட்சியின் மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டில் 44,856 ஆக உயர்ந்தது. 1,000 ஆண்களுக்கு 969 பெண்கள் இருந்தனர். மாநிலச் சராசரி 996. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5,022 பேர். மொத்த மக்களில் 73.36 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர்கள். குழந்தைகளை நீக்கிக் கணக்கிட்டால் இது 82 விழுக்காட்டைத் தாண்டும். சமய அடிப்படையில் இந்துக்கள் சுமார் 87 விழுக்காடும், கிறித்தவர்கள் சுமார் 8 விழுக்காடும், இசுலாமியர் 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகவும் இருந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று பிறந்தது இவ்வூரில்தான்.

மக்களடர்த்தி சதுர கி.மீ.க்கு ஏறத்தாழ 850 பேர். சுமார் 65 சதுர கி.மீ. பரப்புள்ள ஆவடியில் அதே கணக்கெடுப்பில் 3,45,996 பேர் இருந்தனர். அடர்த்தி சுமார் 5,300. பரப்பில் பெரிய வேறுபாடு இல்லாத இரு ஊர்களில் ஒன்றின் மக்கள்தொகை மற்றொன்றைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகம். ஆவடிக்குத் தொழிற்சாலைகளும் புறநகர்த் தொடருந்தும் நாற்புறமும் விரியும் நிலமும் உண்டு. இராமேஸ்வரத்தின் பரப்பில் மணல்மேடுகளும் வெற்று மணல்வெளிகளும் பெரும்பங்கு. மக்கள் கோயிலைச் சுற்றியும் கடற்கரைக் குப்பங்களிலும் நெருங்கி வாழ்கின்றனர். எனவே 850 என்ற சராசரி, ஊரின் உண்மையான நெருக்கத்தைக் காட்டாது.

கணக்கெடுப்பு காட்டாத மற்றொன்று வந்துபோகும் மக்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தத்தில் நீராடவும் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்யவும் லட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவர்களுக்கான குடிநீர், கழிப்பிடம், குப்பை அகற்றல் அனைத்தையும் 45 ஆயிரம் பேருக்கான நகராட்சியே கவனிக்க வேண்டியுள்ளது.

வாழ்வாதாரம்

மீன்பிடித்தலும் யாத்திரிகர் சார்ந்த தொழில்களும் மக்களின் முதன்மை வருவாய். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாக் விரிகுடா குறுகியது என்பதால், சில மணி நேரப் பயணத்திலேயே பன்னாட்டுக் கடல் எல்லை வந்துவிடும். 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய-இலங்கை உடன்படிக்கைகள் வகுத்த அவ்வெல்லையைக் கடந்ததாகக் கூறி இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்வதும் படகுகளைக் கைப்பற்றுவதும் தொடர்கின்றன. வட இலங்கைத் தமிழ் மீனவர்களோ, தமிழக இழுவைமடிப் படகுகளால் தங்கள் வலைகளும் மீன்வளமும் அழிவதாகக் கூறுகின்றனர். தீவின் பெண்கள் பலர் ஆழமற்ற கடலில் மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர்.

போக்குவரத்து

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் தொடருந்துப் பாலம், 2 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட நீளம் உடையது. கப்பல்கள் கடக்கும்போது அதன் நடுப்பகுதி இருபுறமும் தூக்கப்பட்டது. 1964 புயலில் சேதமடைந்த பாலத்தை, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, தீவுக்குத் தரைவழி இத்தொடருந்து ஒன்றே. உப்புக்காற்றால் வலுவிழந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அப்பகுதி மின்தூக்கி போல மேலெழும்.

நிர்வாகமும் எதிர்காலமும்

நகராட்சி 21 வார்டுகளைக் கொண்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நடைபெறாததால், திட்டமிடலுக்கு இன்னும் 2011ஆம் ஆண்டின் எண்களே அடிப்படையாக உள்ளன. புதிய பாலமும் தனுஷ்கோடிச் சாலையும் வருவோரின் எண்ணிக்கையை உயர்த்தக்கூடியவை. மழை அளவும் மணலின் கொள்ளளவும் அவ்வாறு உயர்வதில்லை. ஆகவே கூரை மழைநீரை மணலுக்குள் இறக்குதல், கழிவுநீரைச் சுத்திகரித்தல், விடுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளுக்கு வரம்பு விதித்தல், மணல்மேடுகளைக் காத்தல் ஆகியவை இத்தீவு நகராட்சிக்கு அடிப்படைத் தேவைகள் ஆகும்.