மழைக்கு முன் ஜெனரேட்டரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் பல தெருக்கள் வெள்ளத்திலும் இருட்டிலும் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளுக்காகவே சிலர் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ஜெனரேட்டர், தேவைப்படும் இரவில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பெரும்பாலும் அது பெரிய பழுது அல்ல. மெக்கானிக்கைத் தேடும் முன் இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. சுவிட்ச் 'ஆன்' நிலையிலும், பெட்ரோல் காக் திறந்தும் இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக் போட வேண்டும்.

2. இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். பல மாடல்களில் ஆயில் குறைந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. சாய்வான தரையில் வைத்தாலும் இப்படி ஆகலாம்.

3. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட்ட பெட்ரோல் பிசுபிசுப்பாகி, கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைத்துவிடும்.

4. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. துடைத்துக் காயவைத்து, சோக் இல்லாமல் இழுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். கரி பிடித்திருந்தால் தேய்த்து எடுங்கள், அல்லது புதிய பிளக் போடுங்கள்.

5. ஏர் பில்டரில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான் கூடுதல் கவனம் தேவை. மழை பெய்கிறது என்று அதை வீட்டுக்குள்ளோ, மாடிப்படியடியிலோ, பால்கனியிலோ வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்காமலேயே போய்விடக்கூடும். திறந்த வெளியில், மழை படாத மறைப்பின் கீழ், கதவு ஜன்னல்களை விட்டுத் தள்ளி வையுங்கள். ஓடும்போதோ, சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக் பாயிண்டில் சொருகுவதும் கூடாது. அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறிக்கலாம்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை விடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் இந்த வேலையை முடித்து வையுங்கள்.