டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், எரிச்சல் மட்டும் போகவில்லை

இந்த வலிக்கு நம்மிடம் ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. 'சூடு பிடிச்சுக்கிச்சு' என்பார் ஒருவர், 'நீர்க்கடுப்பு' என்பார் இன்னொருவர். பெரியவர்கள் 'மேகவெட்டை' என்பார்கள். வேலூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீர் அடர்ந்து எரியத்தான் செய்யும். அது இளநீரும் மோரும் குடித்தால் இரண்டு நாளில் போய்விடும். இந்தக் குறிப்பு மாதக்கணக்கில் போகாத எரிச்சலைப் பற்றியது.

உறுப்பின் நுனியில் எரிச்சல், விரைகளில் மந்தமான வலி, விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஏதோ கட்டி மேல் உட்கார்ந்திருப்பது போல அழுத்தம், விந்து வெளியேறிய பின் வலி. சிறுநீர் கல்ச்சர் எடுத்தாச்சு, பால்வினை நோய் டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எல்லாம் நெகட்டிவ். டாக்டர் 'உங்களுக்கு ஒண்ணுமில்ல' என்கிறார். நோயாளியோ 'இவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியல' என்று அடுத்த லேபுக்குப் போகிறார். என் பார்வையில் இருவர் சொல்வதும் சரியில்லை.

எதற்கு நெகட்டிவ்?

ஒரு டெஸ்ட் தான் தேடியதைப் பற்றி மட்டும்தான் பேசும். சாதாரண கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. சிறுநீரில் சீழணுக்கள் இருந்து கல்ச்சர் மட்டும் திரும்பத் திரும்ப நெகட்டிவ் என்றால், நம் நாட்டில் சிறுநீர்ப் பாதை காசநோயைத் தனியாகத் தேடியே ஆகவேண்டும். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனஸ் இரண்டும் வழக்கமான டெஸ்ட்களில் விடுபட்டுப் போகலாம். சிறுநீர்க்குழாயின் கீழ்முனையில் சிக்கிய கல் உறுப்பின் நுனியில் வலியைக் காட்டும். நுனித்தோலில் திரும்பத் திரும்ப வெடிப்பும் அரிப்பும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை.

இதையெல்லாம் ஒரு நல்ல யூராலஜிஸ்ட் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து விலக்கிவிட்டால் போதும். அதே டெஸ்ட்டை ஐந்து லேபில் எடுப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

கிருமி இல்லாத வலி

அமெரிக்காவின் என்.ஐ.ஹெச். வகுத்த பிரிவுகளில் இதற்கு மூன்றாவது இடம்: நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி அல்லது நாள்பட்ட இடுப்புக்குழி வலி. 'புராஸ்டேட் அழற்சி' என்று சீட்டில் எழுதப்படுபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் இந்த வகைதான். கிருமியால் வருவது மிகக் குறைவு.

2003-ல் வெளியான ஓர் ஆய்வில் வலி உள்ள 463 ஆண்களையும் வலியே இல்லாத 121 ஆண்களையும் சோதித்தார்கள். புராஸ்டேட்டில் கிருமி இருந்தது இரு தரப்பிலும் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு. வலி இல்லாதவரிடமும் அதே அளவு கிருமி இருக்கிறது என்றால், வலிக்கு அதைக் குற்றம் சொல்வது கஷ்டம். 2004-ல் 196 பேருக்கு ஆறு வாரம் சிப்ரோஃபிளாக்சசின், டாம்சுலோசின், போலி மாத்திரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரையைவிட மற்றவை பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அப்படியிருந்தும் மருந்துக்கடையில் நான்காவது, ஐந்தாவது ஆன்டிபயாடிக் கோர்ஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகள் தசைநாரையும் நரம்பையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை அந்த மருந்துகளுக்கே உண்டு.

பின் வலி எங்கிருந்து வருகிறது? காலில் முள் குத்தியவர் முள்ளை எடுத்த பிறகும் கொஞ்ச நாள் பாதத்தை ஊன்றாமல் நொண்டி நடப்பார். அந்த நடையாலேயே முழங்கால் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் அதே கதைதான். முதலில் ஒரு தொற்றோ, அடியோ, பயமோ இருந்திருக்கலாம். இடுப்புத் தளத் தசைகள் இறுகிக்கொண்டன, காரணம் போன பிறகும் தளரவில்லை. அந்த வழியாகப் போகும் நரம்புகளும் கூர்மையாகி, சாதாரண தொடுதலைக்கூட எரிச்சலாகச் சொல்கின்றன. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்கிறவர்களுக்கும், பைக்கிலேயே சுற்றுகிறவர்களுக்கும் உட்காரும்போது வலி கூடினால் காரணம் இதுதானா என்று பார்க்கலாம்.

வலி தோலில் என்றால்

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. குரோமியம் ஒவ்வாமை தோல் தொழிலில் நன்றாகத் தெரிந்த நோய். கையில் ஒட்டியது உறுப்பின் மெல்லிய தோலுக்குப் போக ஒரு நிமிடம் போதும். அதனால் டேனரியிலும் கெமிக்கல், பசை புழங்கும் இடங்களிலும் வேலை செய்பவர்கள் சிறுநீர் கழித்த பின் மட்டுமில்லாமல், போவதற்கு முன்பும் கை கழுவ வேண்டும்.

இன்னொன்று க்ரீம். அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல க்ரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. போட்டதும் அரிப்பு அடங்கும், விட்டதும் திரும்பும், மறுபடி போடுவோம். மாதங்கள் போனால் விதைப்பை சிவந்து, சொறியத் தோன்றாமல் எரிந்துகொண்டே இருக்கும். இதை 'சிவந்த விதைப்பை' நோய் என்பார்கள். அந்த எரிச்சலுக்கு அதே க்ரீமைப் போட்டால் இன்னும் மோசமாகும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. கடைக்காரர் கொடுத்தாலும் நாம் வாங்காமல் இருக்கலாம்.

பயம் என்ற பாதி நோய்

1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் உறுதியானது. இன்றைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம். நான்காம் தலைமுறை ஆய்வக டெஸ்ட், சந்தேகப்பட்ட நாளிலிருந்து 45 நாள் கழித்து நெகட்டிவ் என்றால் அதை நம்பலாம். ஆனால் பயப்படுகிறவர் அந்தக் காகிதத்தை நம்புவதில்லை. மனைவியைத் தொடாமல் இருக்கிறார், அல்லது மனைவியையே சந்தேகப்படுகிறார்.

கூடவே தாது பயம். விந்து போனால் உடம்பு போச்சு என்ற கவலையால் வரும் சோர்வுக்கும் வலிக்கும் மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். அந்தக் கவலையை வைத்து லேகியம் விற்கும் வியாபாரம் நம் ஊரில் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. மனம் வலியைக் கூட்டும் என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. பயந்தால் தசை இறுகும், தசை இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் பயம் வரும்.

என்ன செய்யலாம்?

இதற்கு ஒற்றை மருந்து கிடையாது. சிறுநீர், மனம், புராஸ்டேட், தொற்று, நரம்பு, தசை என்று ஆறு பக்கமும் பார்த்து, எது உங்களிடம் இருக்கிறதோ அதற்கு வைத்தியம் செய்வதுதான் இப்போதைய முறை. தசை இறுக்கத்துக்கு பிசியோதெரபி, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சு விடும் பயிற்சி, வெந்நீர்த் தொட்டியில் உட்காருதல். யூடியூப் பார்த்து கீகல் பயிற்சி செய்யாதீர்கள். இறுகிய தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடலாம். நரம்பு எரிச்சலுக்குத் தனி மாத்திரைகள் உண்டு, அவை டாக்டர் சீட்டோடுதான்.

என்.ஐ.ஹெச்.சின் கேள்வித்தாள் 0 முதல் 43 வரை மதிப்பெண் தரும். மாதம் ஒருமுறை போட்டு எழுதி வையுங்கள். ஆறு புள்ளி குறைந்தாலே நல்ல முன்னேற்றம். 'நேத்து வலிச்சுது, இன்னிக்கும் வலிக்குது' என்ற நினைப்பில் அந்த முன்னேற்றம் கண்ணில் படாது.

காத்திருக்கக் கூடாதவை: திடீரென்று ஒரு விரையில் கடும் வலி (ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி), காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, விரையில் கட்டி, எடை குறைதல். இவை இல்லை, டெஸ்ட்டும் நெகட்டிவ் என்றால், அடுத்த டெஸ்ட்டுக்கு எடுத்து வைத்த பணத்தை பிசியோதெரபிக்குக் கொடுங்கள். வலி உண்மை என்பதையும், அது தொற்றிக்கொள்ளாது என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.