சுற்றுலா நகரத் திட்டமிடல் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும். தேனி மாவட்டத்தின் ஓடைப்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் அட்மிஷன் ஏஜெண்டுகள் நடமாட ஆரம்பித்துவிடுகிறார்கள். "மேகமலை, சுருளி, கும்பக்கரைன்னு எல்லாம் உங்க மாவட்டத்துலதானே இருக்கு? டூரிசம் டவுன் பிளானிங் படிச்சா வேலை நிச்சயம்" என்கிறார்கள். திராட்சை விற்ற காசில் முன்பணம் போகிறது. ரசீது கேட்பதில்லை. அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் கொடுத்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் பட்டம் செல்லாது என்பது தெரிகிறது.

ஆனால் தொழில் பொய்யில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்தார்கள். சுற்றுலாவை ஒழுங்குபடுத்தாமல் விட்டதன் விலை என்னவென்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் அடக்கம். மலைக்கு எத்தனை வண்டி போகலாம், கழிப்பறை எங்கே, குப்பை எங்கே, விடுதி எங்கே கட்டக்கூடாது என்று முன்கூட்டியே வரைந்து வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நகர்-ஊரமைப்புத் திட்டமிடுநர்.

எந்தப் பட்டம்?

'டூரிசம்' என்று பெயர் இருந்தால்தான் சுற்றுலாத் திட்டமிடலுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அடிப்படைப் பட்டம் பி.பிளான். பெரும்பாலும் சுற்றுலா அதற்குள் ஒரு பாடமாகவோ செய்முறைத் திட்டமாகவோ வரும். டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல்-கட்டடக்கலைப் பள்ளிகளில் பி.பிளான் சேர ஜே.இ.இ. மெயின் தேர்வின் தாள் 2பி எழுத வேண்டும். வருடா வருடம் நடக்கும் தவறு இங்கேதான். விண்ணப்பத்தில் தாள் 1-ஐ மட்டும் டிக் செய்துவிட்டு, பிறகு பி.பிளான் கேட்கிறார்கள். 2பி-யைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். பிளஸ் டூவில் கணிதம் இருந்தாக வேண்டும்.

சிவில் இன்ஜினியரிங், கட்டடக்கலை படித்தவர்களுக்கு எம்.பிளான் வழி திறந்திருக்கிறது. புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலையை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. எம்.பிளான் சேர்க்கைக்குப் பயன்படும் கேட் தேர்வில் 'கட்டடக்கலை-திட்டமிடல்' தாள் இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை-திட்டமிடல் பள்ளி எம்.பிளான் நடத்துகிறது.

பணம் கட்டும் முன் மூன்று சரிபார்ப்பு

ஒன்று, தனியார் கல்லூரி என்றால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, நீங்கள் சேரும் படிப்புக்கு, அனுமதி கொடுத்திருக்கிறதா பாருங்கள். சென்ற ஆண்டுக் கடிதம் போதாது. கல்லூரியின் இன்னொரு படிப்புக்கான அனுமதியும் போதாது. குழுவின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். ஏஜெண்ட் காட்டும் நகலை நம்பாதீர்கள்.

இரண்டு, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் அந்தப் பெயர் இருந்தால் பேச்சையே நிறுத்துங்கள்.

மூன்று, இந்திய நகரத் திட்டமிடுநர் நிறுவனம் 1951-ல் தொடங்கிய தொழில்முறை அமைப்பு. அது அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கிறதா பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பொதுத் தகவல் அலுவலருக்கு, கல்லூரிப் பெயரும் படிப்பும் ஆண்டும் குறிப்பிட்டு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சேர்க்கைக் கடைசி நாளுக்கு முன் பதில் கிடைக்குமாறு இப்போதே எழுதுங்கள். பதில் தாமதமானால் மேல்முறையீட்டுக்கு அலைய நேரிடும்.

ஏமாந்துவிட்டால்

அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழுவின் 2018 அறிவிக்கை சொல்கிறது. விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்கிறது. விலகல் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னேன் என்பது எங்கும் எடுபடாது. பதில் வராவிட்டால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள்.

அங்கீகாரம் இருப்பதாகப் பொய் விளம்பரம் செய்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பட்னா பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இல்லாத அங்கீகாரத்தைக் காட்டிச் சேர்த்த வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம் மாணவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்தது. கல்லூரியோடு வரும் எல்லாத் தகராறையும் ஆணையம் ஏற்காது. பொய் அங்கீகாரத்தைத்தான் முன்வையுங்கள். கல்லூரி பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தேனி மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. உதவி எண் 1915. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஏஜெண்ட் மறைந்துவிட்டால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "கல்லூரிக்காரங்ககிட்ட பேசித் தீர்த்துக்கங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு: அனுமதிக் கடிதத்தை நீங்களே இணையத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கட்டினால் வங்கி வழியாகக் கல்லூரிக் கணக்குக்குக் கட்டுங்கள். அசல் சான்றிதழ் எதையும் ஏஜெண்ட் கையில் கொடுக்காதீர்கள்.