ஒட்ட மாட்டேன்னு அடம்பிடிச்ச பவளம்!

சூப்பர் க்ளூவுக்கு மசியாத ஒரு பொருளைச் சொல்லுங்க பார்ப்போம்! அறுந்த செருப்பு, உடைஞ்ச மொபைல் கவர், லேப் ரெக்கார்டு அட்டைனு சகலத்தையும் ஒட்டின கை இது. ஆனா, கட்டைவிரல் சைஸ் பவளம் ஒண்ணு எனக்கே தண்ணி காட்டிடுச்சு பாஸ்!

எங்க காலேஜ் சீனியர் ஒருத்தர், சென்னையில் வாடகை வீட்டில் கடல்நீர்த் தொட்டி வச்சிருக்கார். அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது நாலு வருஷத் தோல் பவளம். பேருதான் பவளம், பார்க்க அசல் காளான் குடை! ஒருநாள் ராத்திரி தண்ணியைக் குளிரவைக்கிற மெஷின் நின்னுபோச்சு. சூட்டில் பவளம் ஒரு பக்கமா அழுக ஆரம்பிச்சிடுச்சு. சீனியர் பதறாம, நல்லா இருந்த பகுதியில் மூணு துண்டு வெட்டினார். ரெண்டு அவருக்கு, ஒண்ணு எனக்கு. "எல்லாத்தையும் ஒரே தொட்டியில வச்சா ரிஸ்க்குடா. இது உன் வீட்ல இருக்கட்டும்" என்றார்.

எங்க வீட்டில் ரெண்டடித் தொட்டி ஒண்ணு வருஷமா ஓடிட்டிருக்கு. துண்டைப் பார்த்ததும் அம்மா கேட்டாங்க, "ஏண்டா, உப்புத் தண்ணியில காளான் வளர்க்கப் போறியா?"

ஒரே வாரத்தில் சீனியர்கிட்ட இருந்து போன். அவரோட ரெண்டு துண்டும் கரைஞ்சுபோச்சாம். மிச்சம் என்கிட்ட இருந்தது மட்டும்தான். அதுவோ, பாறையில் ஒட்டாம தொட்டி முழுக்க ஊர்வலம் போயிட்டிருந்தது!

மூணு அட்டெம்ப்ட்!

முதல்ல, ஜெல் டைப் சூப்பர் க்ளூ. இந்தப் பசை ஈரம் பட்டால்தான் இறுகும். அதனால தண்ணிக்குள்ளேயும் வேலை செய்யும். கல் மாதிரி கெட்டியான பவளங்களை இப்படித்தான் ஒட்டுறாங்க. நானும் ஒட்டிட்டு நிம்மதியா தூங்கினேன். காலையில் பசை பாறையில் இருக்கு. பவளம் மோட்டார் பக்கத்தில் கிடக்கு! காரணம் சிம்பிள். மென்பவளத்தோட உடம்பு முழுக்க வழவழப்பான சளி. மேல ஏதாவது பட்டால், அந்தப் படலத்தையே உரிச்சுத் தள்ளிடும். நான் ஒட்டினது பவளத்தை இல்ல, அதோட சட்டையை!

அடுத்து, ரப்பர் பேண்ட். இன்ஜினீயர் ஆச்சே, நல்லா இறுக்கிக் கட்டினேன். மறுநாள் பார்த்தா ரப்பர், சதைக்குள்ள கத்தி மாதிரி இறங்கியிருக்கு. இன்னொரு நாள் விட்டிருந்தா ரெண்டு துண்டாகியிருக்கும்.

மூணாவது, பல் குத்துற குச்சி. அடிப்பக்கத்தில் குச்சியைக் குறுக்கே செருகி, பவளத்தை ஒரு பீங்கான் சில்லு மேல உட்காரவச்சேன். வெளியே நீட்டிட்டிருந்த ரெண்டு முனையிலும் ரப்பர் பேண்டைத் தளர்வா மாட்டினேன். பிடி குச்சி மேலதான், சதை மேல இல்ல. நீரோட்டம் குறைவான ஒரு மூலையில் வச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டேன். அதுதான் ரொம்பக் கஷ்டமான ஸ்டெப்!

ஆமாங்க. நாம ஒட்டவே வேணாம். அசையாம பிடிச்சுக்கிட்டா போதும். பவளம் தன்னோட திசுவைப் படரவிட்டுத் தானே ஒட்டிக்கும். அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் குச்சியை உருவிட்டு, சில்லைப் பாறையில் ஒட்டலாம். இந்த இடத்தில் சூப்பர் க்ளூ தாராளமா வேலை செய்யும்!

கடலுக்குள்ளேயும் இதே டெக்னிக்!

தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002-லிருந்து மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளை நட்டு வருது. அவங்க கையாள்வது கல் பவளம். துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்கள் மேல கட்டிக் கடலடியில் வைப்பாங்க. அங்கேயும் ஃபார்முலா ஒண்ணுதான்... அசையாம பிடி, காத்திரு!

'அப்போ ராமேஸ்வரம் டூர் போறப்ப ஒரு துண்டு உடைச்சிட்டு வந்துடலாமே'னு யோசிக்கிறீங்களா? உள்ளே போயிடுவீங்க மச்சி! கல் பவளம், கரும்பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கு! மன்னார் வளைகுடாவோட 21 தீவுகளும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிடுச்சு. கடையில் வாங்கினாலும், அது எங்கிருந்து வந்ததுனு கேட்டு, பில்லோட வாங்குங்க.

வெட்டும் முன் கவனிங்க!

* புது பிளேடால ஒரே வெட்டு. மொக்கை பிளேடு சதையை நசுக்கும், அழுக வைக்கும்.

* தோல் பவளம் காயப்பட்டால், மத்த பவளங்களைப் பாதிக்கும் ரசாயனத்தைத் தண்ணியில் கக்கும். வெட்டுறதைத் தனிப் பாத்திரத்தில் வச்சுக்கோங்க. தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்க.

* கையுறை, கண்ணாடி கட்டாயம். 'ஸோவாந்திட்'னு பட்டன் மாதிரி கூட்டமா வளரும் உயிர்கள் சிலதில் பாலிடாக்ஸின்னு கொடிய விஷம் இருக்கு. அது வளர்ந்த பாறையைச் சுத்தம் பண்றேன்னு வெந்நீரில் போட்டுக் கொதிக்க வச்சுடாதீங்க. அந்த ஆவியே ஆபத்து!

பதினாறாவது நாள்...

குச்சியை மெதுவா உருவினேன். கை நடுங்கிச்சு. மோட்டாரை ஆன் பண்ணேன். தண்ணி வேகமா வந்து மோதிச்சு. பவளம் லேசா ஆடுச்சு, ஆனா இடத்தை விட்டு அசையலை! அன்னிக்குச் சாயந்திரமே சின்னச் சின்னப் பூக்கள் விரிய ஆரம்பிச்சது. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் எட்டு இதழ். மென்பவளத்தோட முத்திரையே அந்த எட்டுதான்!

போட்டோ எடுத்து சீனியருக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம் ஒரே வரி: "நல்லா வளரட்டும். பெருசானதும் எனக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடு."

கண்டிப்பா பாஸ். குச்சியோட சேர்த்தே தர்றேன்!